கன்றின் எலும்பும் மூட்டும்

நுவரெலியா, அற்றன் பகுதிகளின் தேயிலைத் தோட்டங்களில் வாழும் குடும்பங்கள் பல, ஒன்றிரண்டு கறவைப் பசுக்களை வளர்த்துப் பால் விற்று வருகின்றன. கொழுந்து குறையும் காலத்திற் கைகொடுப்பது இப்பாற் காசேயாகும். இன்று பிறக்கும் பசுக்கன்றே நாளைய கறவை. அதன் கால்கள் வளைந்தாலும் மூட்டுகள் பழுதுற்றாலும் நட்டம் குடும்பத்தையே சாரும். எனவே, எலும்பின் தன்மையை அறிந்து கன்றைப் பேணுதல் வேண்டும்.

எலும்பு

உலர்ந்த எலும்பில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு கல்சியமும் பொசுபரசும் சேர்ந்த உப்புகளாகும். எஞ்சியது பெரும்பாலும் நார்ப் புரதம். உப்புகள் வன்மையையும், புரதம் எளிதில் முறியாத தன்மையையும் தருகின்றன. கோழியின் கால் எலும்பைச் சில நாட்கள் வினாகிரியில் ஊறவைத்தால், உப்புகள் கரைந்து எலும்பு வளைவதைக் காணலாம்.

குருத்தெலும்பு

இளங்கன்றின் கால் எலும்புகளின் முனைகளை அடுத்துக் குருத்தெலும்புத் தட்டுகள் உள்ளன. அவற்றில் உப்புகள் படிந்து எலும்பாக மாறுவதாற் கால் நீளுகின்றது. உப்புகளோ விற்றமின் டீயோ குறைந்தால் முனைகள் புடைத்துக் கால்கள் வளையும். வெயில் தோலிற் படும்போது அவ்விற்றமின் உடலில் உண்டாகின்றது. தென்மேற்குப் பருவமழையின் மூடுபனிக் காலத்தில் இருண்ட கொட்டிலில் அடைபட்ட கன்று இதனை இழக்கின்றது.

மூட்டு

மூட்டில் எலும்பு முனைகளை வழுவழுப்பான குருத்தெலும்பு மூடியுள்ளது. அதற்கு இரத்தக் குழாய்கள் இல்லை. மூட்டினுள் ஊறும் வழுக்கு நீரே அதனை ஊட்டுகின்றது. ஆதலால், ஒருமுறை அழிந்தால் அது முன்போல் வளர்வது அரிது. ஈரத் தொப்புள் வழியே புகும் கிருமிகள் இரத்தத்திற் கலந்து மூட்டுகளில் தங்கிச் சீழ் உண்டாக்கும். சிகிச்சை தாமதித்தால் கன்று நிலையாக நொண்டும்.

செய்ய வேண்டியவை

1. கன்று பிறந்தவுடன் தொப்புளை அயடீன் கரைசலில் தோய்க்கவும்.

2. முதல் 6 மணி நேரத்துள், கன்றின் எடையிற் பத்தில் ஒரு பங்கு சீம்பால் ஊட்டவும். 30 கிலோ எடையுள்ள கன்றுக்கு 3 லீற்றர் வேண்டும்.

3. பால் முழுவதையும் விற்றுவிடாது, கன்றின் பங்கை முதலில் ஒதுக்கவும்.

4. படுக்கையை உலர்ந்ததாக வைக்கவும். வெயில் காணும் நாட்களிற் கன்றை வெளியே கட்டவும்.

5. வளரும் கன்றின் தீனியிற் கனியுப்புக் கலவை சேர்க்கவும். சுண்ணாம்பு மட்டும் போதாது. அதிற் பொசுபரசு இல்லை. எலும்புத் தூளைத் தீனியிற் கலக்கலாகாது. அதனால் நோய் பரவக்கூடும்.

6. மூட்டு வீங்கிச் சூடு கண்டால், எண்ணெய் தடவிக் காத்திராது, அன்றே மிருக வைத்தியருக்கு அறிவிக்கவும்.

முதல் நாளிற் காட்டும் சிறு கவனம், பின்னாளிற் பல ஆண்டுப் பாலாகத் திரும்பி வரும்.