வீட்டிற்கேற்ற மாவரைக்கும் பொறி

முழுத் தானியம் ஈரமின்றி வைக்கப்படின் ஓராண்டும் கெடாது கிடக்கும். அதனையே மாவாக்கிவிட்டால் சின்னாளிற் சுவை திரியத் தொடங்குகின்றது. இவ்வேறுபாடு எதனால் நேர்கின்றதென அறிந்தாலன்றி, வீட்டிற்கு மாவரைக்கும் பொறியொன்று வேண்டுமா, வேண்டுமாயின் எவ்வகையது என்னும் வினாவிற்கு விடை காண்டல் அரிது. விற்போர் குதிரைத்திறனையும் பெட்டியின் பளபளப்பையுமே முன்னிட்டுப் பேசுவர். யாம் தானியத்தினின்று தொடங்குவதே முறையெனக் கருதுகின்றோம்.

ஒரு கோதுமை மணியை எடுத்துக்கொள்வோம். அதன் மேலே தவிடாகிய தோல். அகத்தே பெரும்பகுதியாய் நிற்பது வெண்ணிற மாப்பொருள். ஒரு முனையிற் சிறியதொரு முளை. எண்ணெய்ப்பசை மிகுதியும் அம்முளையிலும் தவிட்டிலுமே உளது. மணி முழுதாயிருக்குங்காறும் அவ்வெண்ணெயும் அதனைச் சிதைக்கவல்ல நொதிகளும் தனித்தனியே அடங்கிக் கிடக்கின்றன. அரைக்குங்கால் அவை ஒன்றோடொன்று கலக்கின்றன. காற்றும் உடன் சேர்கின்றது. அன்றுதொட்டே காறல் தொடங்கிவிடும். பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பாதியில் ஹங்கேரி நாட்டுப் புடாபெஸ்டிலும் அமெரிக்க நாட்டு மினியாபொலிஸிலும் பெருகிய உருளை ஆலைகள், தவிட்டையும் முளையையும் நீக்கி, நெடுநாள் கெடாத வெள்ளை மாவைப் பல நாடுகளிலும் பரப்பின. கெடுவது நீங்கியதனால் மாவு கெடாதாயிற்று; ஆயினும் நாரும் உயிர்ச்சத்துக்களும் பெரும்பாலும் நீக்கப்பட்டதனுள்ளேதான் இருந்தன.

நம் புன்செய்த் தானியங்களின் நிலைமை இன்னும் நுட்பமானது. கம்பில் நூற்றுக்கு ஐந்து பங்கு அளவிற்கு எண்ணெயுண்டு. அரைத்த கம்பு மாவு வெப்பமிக்க நாள்களில் மிக விரைவிற் கசப்பும் ஒருவகை நாற்றமும் கொள்வதனை இல்லத்தார் அறிவர். கம்பு ஆகாதென்று தட்டை ஒதுக்கும் சிறுவர் பலர் ஒதுக்குவது கம்பையன்று, பழைய மாவையே என்பது எம் துணிபு. கேழ்வரகோ கடுகினையொத்த சிறு மணியாதலின், அதன் தோலை நெல்லின் உமியைப்போல் எளிதில் நீக்குதற்கில்லை. தோலோடு அரைத்து உண்பதே வழக்கம். 100 கிராம் கேழ்வரகில் 300 மில்லிகிராமிற்கு மேற்பட்டுள்ள சுண்ணச்சத்து பெரிதும் அத்தோலைப் பற்றியே நிற்பதால், மிக நுண்ணிய சல்லடையிற் சலித்துக் கப்பியை எறிந்துவிடுவோர் கேழ்வரகின் சிறப்பையே எறிந்துவிடுகின்றனர்.

ஆகவே, வீட்டுப் பொறியால் எய்தும் தலையாய பயன் யாதெனின், ஒரு வாரத்திற்கு வேண்டுமளவே, சில வேளை ஒருநாளைக்கு வேண்டுமளவே, அரைத்துக்கொள்ள இயலுதலாம். இதனை வேண்டாதார்க்குப் பொறியும் வேண்டுவதில்லை. மாதமொருமுறை பத்துக் கிலோ அரைத்து டப்பாவில் அடைத்து வைப்பதே கருத்தாயின், அதற்குத் தெருமுனை மில்லே போதும்.

இப்பயனைக் குறைவறத் தந்த கருவி நம் திருகை. அசையாத கீழ்க்கல்லின் நடுவே நிற்கும் முளையைச் சுற்றி மேற்கல் சுழல, குழியிலிட்ட தானியம் இரு கல்லிற்கும் இடைப்பட்டு நசுங்கி ஓரத்தே மாவாய் உதிரும். மெல்லச் சுழல்வதாதலின் மாவு சூடேறுவதில்லை. கல் மழுங்கினால், அம்மி கொத்துவோர் தெருவில் வருங்கால் அழைத்து, உளியாற் கொத்தச் செய்துகொள்வர். ஆனால் இத்திருகைக்குரிய விலையைக் கொடுத்தவை நம் பாட்டிமாருடைய தோள்கள். விடியுமுன் எழுந்து குடும்பத்தார்க்கெல்லாம் மாவரைத்த அவர்தம் உழைப்பை மறந்து திருகையின் பெருமையை மட்டும் பேசுவோர், ஒரு படி கேழ்வரகைத் தாமே அரைத்துப் பார்த்தபின் பேசுதல் நன்று. இன்றும் பயறு உடைப்பதற்கும் சிறிதளவு நொய் எடுப்பதற்கும் அஃது ஏற்றதே.

தெருமுனை மில்லினை எள்ளுதற்கில்லை. இடியப்பத்திற்கென ஊறவைத்து உலர்த்திய ஈர அரிசியை அங்குள்ள பெரும்பொறி தடையின்றி அரைத்துத் தரும். வீட்டுப் பொறிகளிற் பெரும்பாலன அதனை ஏலா. ஆனால், முன்னே அரைத்தவர் மாவிற் சிறிது உள்ளே தங்கி நம்முடையதனோடு கலந்து வருதல் இயல்பு. ஏனையோர்க்கு இஃது அற்பம். சீலியாக் என்னும் நோயுடையார்க்கோ கோதுமையின் சிறு துகளும் குடலைப் புண்படுத்துமாதலின், அத்தகையார் இருக்கும் இல்லத்தில், கோதுமை ஒருகாலும் இடப்படாத தனிப் பொறி வைத்துக்கொள்வது ஆடம்பரமன்று. மருந்தை ஒத்த தேவையாகும்.

இனி, மின்சாரத்தால் இயங்கும் வீட்டுப் பொறிகள் பெரும்பாலும் இருவகைப்படும். ஒன்றிற் கல்லே இல்லை. இரும்பறையொன்றினுள் உலோகத் தகடுகள் மிக்க வேகத்துடன் சுழன்று தானியத்தை அடித்துப் பொடியாக்க, அறையைச் சூழ்ந்த சல்லடையின் கண் வழியே மாவு கீழ்ப் பாத்திரத்தில் விழும். மாவின் நயம் சல்லடையைப் பொறுத்தது. ரவைக்கொன்று, சப்பாத்திக்கொன்று, பலகாரத்திற்கொன்று என மாற்றிக்கொள்ளலாம். உலர்ந்த தானியம் எதுவாயினும் இஃது அரைக்கும். துப்புரவு செய்வதும் எளிது. ஆனால் ஈரமும் எண்ணெயும் இதற்குப் பகை. எள்ளையும் நிலக்கடலையையும் இட்டால் சல்லடைக் கண் அடைபட்டுப் போகும். ஆணியொன்று தப்பி வீழின் சல்லடையே கிழியும்.

மற்றொன்று கல் வகை. திருகையின் முறையே இங்கும். கைக்கு மாறாக மோட்டார். இக்காலத்துக் கற்களிற் பல மலையினின்று வெட்டியெடுத்தனவல்ல. குருந்தம் முதலிய கடும்பொருள்களின் துகளைப் பிணைத்து வார்த்தனவாம். குருந்தமென்னும் சொல்லே ஆங்கிலத்திற் கொரண்டம் என வழங்குகின்றதென்பதும், நாமக்கல்லை அடுத்த சித்தம்பூண்டிப் பக்கத்துப் பாறைகளில் அப்பொருள் காணப்படுகின்றதென்பதும் தமிழ் மாணவர் அறிந்து மகிழத்தக்கன. கல்லிடை நசுங்கிய மாவில் மாப்பொருளின் நுண்மணிகள் மிகுதியாய்ச் சிதைவதால் அது நீரை நன்றாக ஏற்கும். அதனாற் சப்பாத்தி மென்மையாகின்றது. கோதுமையே நாள்தோறும் உண்ணும் வீட்டிற்கு யாம் இவ்வகையையே பரிந்துரைப்போம். ஒன்று மட்டும் கவனிக்கவேண்டும்: தானியமின்றிக் கற்களை ஒன்றோடொன்று உரசவிடலாகாது, உரசினாற் கல்துகளே மாவில் வரும். முதலில் மோட்டாரை ஓடவிட்டுப் பின் தானியத்தைச் சிறிது சிறிதாக விடுவதே முறை. மாவு கை பொறாச் சூட்டோடு வருமாயின் கல்லை இறுக நெருக்கிவிட்டோமென அறிக.

கம்பு, சோளம், கேழ்வரகு, கடலைப்பருப்பு என மாறி மாறி அரைக்கும் குடும்பத்திற்குச் சல்லடை வகை இசையும். இருவர் மட்டும் வாழும் வீட்டில், வாரம் ஒரு கிலோவும் செல்லாதாயின், மிக்ஸியில் அரைத்துச் சலித்துக்கொள்வதே சிக்கனம்.

குதிரைத்திறனைப் பற்றிச் சில சொல். ஒரு குதிரைத்திறன் ஏறத்தாழ 746 வாட். அத்தகைய மோட்டார் ஒருமணி நேரம் ஓடின் ஒரு யூனிட் அளவிற்கு மின்சாரம் செல்லுமென்க. குடும்பத்திற்கு அதற்கு மேற்பட்டது வேண்டா. விசிறிக்குரிய சிறிய இணைப்பிற் பொருத்தாது, எர்த்துடன் கூடிய பெரிய இணைப்பிற் பொருத்தவேண்டும். வாங்குமுன் கடையிலேயே ஓட்டச் செய்து ஓசையைக் கேட்டுவிடுக. அடுத்த வீட்டாருடைய பொறுமையும் கணக்கிற் சேரும்.

மாவுத் தூசியையும் இலேசாக எண்ணலாகாது. 1878-ஆம் ஆண்டு மே மாதம் 2-ஆம் நாள் மினியாபொலிஸ் நகரத்து வாஷ்பர்ன் ஆலையில், காற்றில் மிதந்த மாவுத் தூசி தீப்பற்றி வெடித்துப் பதினெண்மர் மாண்டனர். வீட்டுப் பொறியில் அவ்வளவு தூசி எழுவதில்லையாயினும், எரியும் அடுப்பின் அருகே அதனை வைக்கவேண்டுவதில்லை. இருமல் உடையார் மூக்கைத் துணியால் மூடிக்கொள்ளுதல் நலம்.

அரைக்குமுன் தானியத்தைப் புடைத்துக் கல் பொறுக்கி, ஒரு மணியைப் பல்லிடை வைத்துக் கடித்துப் பார்க்க. ஓசையுடன் உடையின் அரைக்கலாம், நசுங்கின் மீண்டும் வெயிலிற் காயவேண்டும். அரைத்த மாவைச் சூட்டோடு மூடினால் வியர்த்துக் கட்டிபடும்; விரித்து ஆறவிட்டே மூடுக. உள்ளே தங்கிய மாவில் வண்டு பற்றுமாதலின், மின் இணைப்பை எடுத்துவிட்டு உலர்ந்த தூரிகையால் துடைக்கவேண்டும். நீர் பட்டால் மாவு பசையாகி ஒட்டிக்கொள்ளும். கல் வகையில், ஈற்றில் ஒரு பிடி உலர்ந்த பச்சரிசியை ஓடவிட்டால் கல்லிடைத் தங்கியது முழுதும் வெளிவந்துவிடும். அம்மாவு கோலத்திற்கு ஆகும்.