கண்ணாடிமேல் ஒரு பூச்சு

என் சிறு வயதில் பாத்திரங்களுக்கு ஈயம் பூசுவோர் தெருத்தெருவாக வருவதுண்டு. பித்தளைத் தவலையைக் கையில் வாங்கியதும் அவர் ஈயத்தை எடுத்துவிட மாட்டார். முதலில் புளியும் மணலும் இட்டு நன்கு தேய்ப்பார். பிறகு துருத்தியை ஊதி உலையில் காய்ச்சி, நவச்சாரப் பொடியைத் தூவுவார். அதன் பின்னரே ஈயத்தைத் தொட்டு, துணியால் ஒரே வீச்சில் பரவ விடுவார். என் அன்னையார் அப்பாத்திரத்தை வாங்கி வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்ப்பார். பூச்சு எத்தனை தடிமன் என்று அவர் கேட்டதில்லை. எங்கேனும் விட்டுப்போயிருக்கிறதா என்பதே அவர் கவலை. விட்ட இடத்தில் புளிக்குழம்பு பட்டால் களிம்பேறிவிடும் அல்லவா?

சூரிய ஒளியை மின்சாரமாக மாற்றும் மென்படலக் கலங்களைப் பற்றிப் பேச வந்த நான், ஈயப் பூச்சில் தொடங்கியது காரணம் பற்றியே. இரண்டிலும் தொல்லை ஒன்றுதான்.

1954ஆம் ஆண்டில் அமெரிக்காவின் பெல் ஆய்வுக்கூடத்தில் சேப்பின், ஃபுல்லர், பியர்சன் ஆகிய மூவர் சிலிக்கானால் ஒரு சூரிய மின்கலத்தைச் செய்து காட்டினர். தன்மேல் விழுந்த ஒளி ஆற்றலில் நூற்றுக்கு 6 பங்கை அது மின்சாரமாக்கியது. ஆயினும் ஒளியை விழுங்குவதில் சிலிக்கான் மந்தமான பொருள். ஆகையால் அதனைத் தகடாக அறுத்துப் பயன்படுத்துகிறார்கள். இன்றைய தகடுகளும் ஏறத்தாழ 150 மைக்ரான் தடிமன் உடையவை. ஒரு மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு. காட்மியம் டெல்லுரைடு என்னும் சேர்மமோ, இரண்டு மூன்று மைக்ரானுக்குள் ஒளியை ஏறக்குறைய முழுவதும் உட்கொண்டுவிடும். இத்துணை மெல்லிய பொருளை அறுத்தெடுக்க இயலாது. கண்ணாடியின்மேல் படியவைக்கத்தான் வேண்டும்.

படியவைப்பது எவ்வாறு? பொருளைச் சூடாக்கி ஆவியாக்குவது ஒரு வழி. ஆனால் நம்மைச் சூழ்ந்த காற்றில் ஒரு மூலக்கூறு, மைக்ரானில் பதினைந்தில் ஒரு பங்கு தொலைவு செல்வதற்குள் மற்றொன்றோடு மோதிவிடும். கலத்தினுள் அழுத்தத்தை நூறு கோடியில் ஒரு பங்காகக் குறைத்துவிட்டால், அது அறுபது மீட்டருக்கு மேல் மோதாமல் செல்லலாம். எதிரிலுள்ள கண்ணாடியை ஆவி நேரே சென்றடையும். மற்றொரு வழியில் இத்தகைய வெற்றிடம் தேவையில்லை. மூலப்பொருளைச் சுமார் 600 டிகிரி செல்சியஸ் வரை சூடாக்கி, அதனினும் சற்றுக் குறைந்த சூட்டிலுள்ள கண்ணாடியைச் சில மில்லிமீட்டர் இடைவெளியிலேயே நிறுத்துகிறார்கள். சில நிமிடங்களில் படலம் வளர்ந்துவிடுகிறது.

கலத்தின் அடுக்குகளைக் கவனியுங்கள். முதலில் கண்ணாடிமேல் வெள்ளீய ஆக்சைடு. இது ஒளியை உள்ளே விடும், மின்சாரத்தையும் கடத்தும். (தவலைக்குப் பூசிய அதே உலோகம் இங்கும் வந்துவிட்டது!) அதன்மேல் காட்மியம் சல்பைடு, பிறகு காட்மியம் டெல்லுரைடு, கடைசியில் ஓர் உலோக மின்வாய்.

ஆய்வு மாணவனாக இருந்தபோது இவ்வகைக் கலங்களைச் செய்ய முயன்று, ஒரு பருவம் முழுவதையும் இழந்தேன். படலம் கண்ணுக்கு அழகாகவே இருந்தது. மின்னழுத்தமோ இல்லை என்றே சொல்லலாம். முடிவில் நுண்ணோக்கியில் பார்த்தபோதுதான் ஊசித்துளைகள் தென்பட்டன. கழுவிய கண்ணாடிகளைப் பருத்தித் துணியால் துடைத்திருந்தேன். ஒட்டிக்கொண்ட நூலிழையின்மேல் படலம் படியும். இழை உதிர்ந்தால் அங்கே இடைவெளி தோன்றும். பின்னர் இடும் உலோகம் அதனுள் இறங்கி முன்புற மின்வாயைத் தொட்டுவிடும். பிறந்த மின்சாரம் வெளியே வராமல் அவ்வழியே ஓடிப்போகும். அன்று முதல் துணியை விட்டு நைட்ரஜன் வாயுவை ஊதி உலர்த்தலானேன்.

துளையே விழாத பூச்சும் உண்டு என்றே கூறலாம். பின்லாந்து நாட்டில் துவோமோ சுன்டோலா என்பார் 1974ஆம் ஆண்டில் வளர்த்தெடுத்த அணு அடுக்கு முறை அது. அலுமினியச் சேர்மம் ஒன்றின் ஆவியை உள்ளே விட்டால், காலியான இடம் உள்ளவரை அது பரப்பில் ஒட்டும்; இடம் நிரம்பியதும் ஒட்டுவது நின்றுவிடும். எஞ்சியதை வெளியேற்றி நீராவியை விட்டால், அலுமினிய ஆக்சைடு ஓர் அடுக்கு உருவாகும். ஒரு சுற்றுக்குச் சுமார் 0.1 நானோமீட்டர். இரண்டு மைக்ரான் வேண்டுமெனில் 20,000 சுற்றுகள்! ஆகவே சில நானோமீட்டரே போதுமான இடத்தில், குறிப்பாகச் சிலிக்கான் கலத்தின் பின்புறத்தைக் காக்க, இதனைக் கையாளுகிறார்கள். நிதானமே இதன் சிறப்பும் குறையும்.

காட்மியம் டெல்லுரைடுத் தகடுகளை உருவாக்கும் தொழிற்சாலை ஒன்று சென்னைக்கு அருகே 2024ஆம் ஆண்டு ஜனவரியில் தொடங்கப்பெற்றது. காட்மியம் நச்சுப்பொருளாயிற்றே என்று நீங்கள் கேட்பது முறையே. இரண்டு கண்ணாடிகளுக்கிடையே அது அடைபட்டிருக்கிறது. ஆயினும் பழுதான தகடுகளைக் குப்பையில் எறிதல் கூடாது, திரும்பப் பெற்று உலோகங்களைப் பிரித்தெடுத்தல் வேண்டும். டெல்லுரியமும் எளிதில் கிடைப்பதன்று; செம்பைத் தூய்மை செய்யும்போது எஞ்சும் கசடிலிருந்தே பெரும்பாலும் கிடைக்கிறது. எவ்வளவு தேவை என்பதை நீங்களே கணக்கிடலாம். இச்சேர்மத்தின் அடர்த்தி ஒரு கன சென்டிமீட்டருக்கு ஏறத்தாழ 5.85 கிராம், படலம் 2 மைக்ரான். ஒரு சதுர மீட்டருக்கு 12 கிராம்கூட வராது.