அதே கதை, வேற ஊரு



'தலைவெட்டியான் பாளையம்' பார்த்தீங்களா? 2024 செப்டம்பரில் அமேசான் பிரைமில் வந்த தொடர், மொத்தம் எட்டு பாகம். நகரத்தில் வளர்ந்த சித்தார்த் என்ற பையன் திருநெல்வேலிப் பக்கம் ஒரு கிராமத்துக்கு ஊராட்சி செயலாளராகப் போய் முழிப்பதுதான் கதை. இயக்கியவர் நாகா. 'மர்மதேசம்' எடுத்தவர் என்று சொன்னால் நம் அம்மாக்களுக்கு உடனே தெரியும்.

பரீட்சை லீவில் சித்தியோட செல்லில் இதைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தோம். பக்கத்து லைன் வீட்டில் ஒரு பீகார் அண்ணன் இருக்கிறார், ஸ்பின்னிங் மில்லில் வேலை. அந்தப் பக்கமா வந்தவர் எட்டிப் பார்த்து, "அம்மிணி, இது எங்க கதை" என்றார். எனக்குக் கோபம் வந்துவிட்டது. தமிழ்ல பேசுறாங்க, திருநெல்வேலிங்கறாங்க, இதுவும் உங்களுதா என்று கேட்டேன். அவர் ஒண்ணும் பேசாமல் தன்னுடைய செல்லை எடுத்துக் காட்டினார். அது இந்தித் தொடர், பேரு 'பஞ்சாயத்'. 2020 ஏப்ரலிலேயே வந்திருக்கிறது. அதில் பையன் பேரு அபிஷேக், ஊரு புலேரா, மாவட்டம் பல்லியா. "பல்லியா? எங்க, சுவத்துலயா?" என்று தங்கச்சி கேட்டுவிட்டாள். அவருக்குப் புரியவில்லை, நாங்க மட்டும் சிரித்தோம். பல்லியா உத்தரப் பிரதேசத்தில், பீகார் எல்லையை ஒட்டி இருக்கும் மாவட்டம். அதனால்தான் அவர் 'எங்க கதை' என்கிறார். ஆனால் படம் பிடித்தது மத்தியப் பிரதேசத்தில் மஹோடியா என்ற கிராமத்தில். அதைச் சொன்னதும் அவர் முகம் கொஞ்சம் வாடிவிட்டது, பாவம்.

(இந்தியில் கெட்ட வார்த்தை வரும் இடத்தில் எல்லாம் அவர் சத்தத்தைக் குறைத்துக் குறைத்து வைத்தார். ஆசிரியர்கள் கவலைப்பட வேண்டாம்.)

இரண்டையும் பார்த்தால் பெரும்பாலும் காட்சிக்குக் காட்சி ஒரே மாதிரி. ஆனால் இது திருட்டு இல்லை. திருடினால் அது 'சுட்ட கதை'. முதலில் எடுத்தவரிடம் உரிமை வாங்கி, பேரையும் போட்டுத் திரும்ப எடுத்தால் அதுதான் ரீமேக். இந்தத் தொடரில் இன்னும் சுலபம், இந்தியில் எடுத்த டி.வி.எஃப். நிறுவனமேதான் தமிழிலும் எடுத்திருக்கிறது. அப்புறம் 2025-ல் தெலுங்கிலும் 'சிவரபள்ளி' என்று வந்தது.

என் சந்தேகம் என்னவென்றால், வெறும் குரலை மாற்றி டப்பிங் பண்ணினால் செலவு குறைவுதானே? எதுக்கு ஊரை மாற்றி, ஆளை மாற்றி, முதலிலிருந்து எடுக்கணும்?

மொழி புரியாததால் என்று நினைத்தேன். அது மட்டும் காரணம் இல்லை. ஏன்னா ஒரே மொழி பேசுகிறவர்களும் இதைச் செய்கிறார்கள். இங்கிலாந்தில் பி.பி.சி. 2001-ல் 'தி ஆபீஸ்' என்று ஒரு தொடர் போட்டது. ஸ்லவ் என்ற ஊரில் பேப்பர் விற்கும் கம்பெனி, அங்கே ஒரு அசட்டு மேனேஜர். அமெரிக்காக்காரர்களுக்கும் இங்கிலீஷ்தானே, அப்படியே பார்த்திருக்கலாம். பார்க்காமல் 2005-ல் தாங்களே எடுத்தார்கள். ஸ்லவ் போய் ஸ்க்ராண்டன் வந்தது, ஆனால் அதுவும் பேப்பர் கம்பெனிதான். முதல் பாகத்தில் வசனம்கூட கிட்டத்தட்ட அப்படியே. மக்களுக்கு அவ்வளவாப் பிடிக்கவில்லை. இங்கிலாந்து மேனேஜர் ரொம்பக் கடுகடுப்பு, அந்த ஆளை அமெரிக்காவில் ரசிக்க முடியவில்லை. இரண்டாவது வருசத்திலிருந்து அவரைக் கொஞ்சம் நல்லவராக, பாசத்துக்கு ஏங்குகிறவராக மாற்றினார்கள். அப்புறம்தான் பிடித்துக்கொண்டது. இங்கிலாந்தில் கிறிஸ்துமஸ் சிறப்பு பாகங்களையும் சேர்த்து மொத்தம் 14 பாகம்தான். அமெரிக்காவில் 2013 வரை ஓடி 201 பாகம்!

அப்படியென்றால் ஊருக்கு ஊர் சிரிப்பு வேற, கோபம் வேற. பயம்கூட வேறதான். இதுக்கு நம்ம சினிமாவிலேயே சூப்பரான உதாரணம் இருக்கு, சந்திரமுகி! அதன் மூலம் 1993-ல் வந்த மலையாளப் படம் 'மணிச்சித்திரத்தாழ்'. அதில் வரும் நாகவல்லி தஞ்சாவூரிலிருந்து போன நாட்டியக்காரி. பேய் பிடித்ததும் கதாநாயகி திடீரென்று தமிழில் பேசுவார். கேரளாவில் உட்கார்ந்து பார்க்கிறவர்களுக்கு அங்கேதான் திக்கென்று இருக்கும், நம்ம வீட்டுப் பொண்ணு வேற பாஷை பேசுதேன்னு.

இப்ப இதைத் தமிழில் எடுத்தால் என்ன ஆகும்? பேய் தமிழ் பேசினால் நமக்கு என்ன பயம்? பக்கத்து வீட்டு அக்கா திட்டுற மாதிரி இருக்கும். அதனால் 2005-ல் பி.வாசு எடுத்த சந்திரமுகி ஆந்திராக்காரி ஆகிவிட்டாள், தெலுங்கு பேசினாள். அதுக்கு முந்தின வருசம் அவரே கன்னடத்தில் எடுத்த 'ஆப்தமித்ரா'விலும் பேய்க்குத் தெலுங்குதான். 2007-ல் இந்திக்குப் போனது, அங்கே பேய் வங்காளி. யார் எடுத்தாலும் பேய் மட்டும் பக்கத்து ஊரு! சொந்த ஊர்ப் பேயை யாருமே வச்சுக்கலை.

நானும் இந்தக் கண்ணோட பஞ்சாயத்தையும் தலைவெட்டியான் பாளையத்தையும் திரும்பப் பார்த்தேன். என்னென்ன மாற்றியிருக்கிறார்கள்? ஊர், பேர், பேச்சு, சாப்பாடு எல்லாம் மாறியிருக்கு. மாற்றாமல் விட்டது எது என்று பார்த்தபோதுதான் ஒரு விஷயம் இடித்தது. இரண்டிலும் ஊராட்சித் தலைவர் ஒரு பெண். இந்தியில் நீனா குப்தா, தமிழில் தேவதர்ஷினி. ஆனால் தலைவராக நடமாடுகிறவர் அவருடைய வீட்டுக்காரர். இந்தியில் ரகுவீர் யாதவ், தமிழில் சேத்தன். (சேத்தனும் தேவதர்ஷினியும் நிஜத்திலும் கணவன் மனைவி.) எழுத்துப்படி தலைவர் வீட்டில் சமைக்கிறார், வீட்டுக்காரர் ஆபீசில் உட்கார்ந்து பேசுகிறார்.

பேய்க்குக்கூட ஊர் மாற்ற வேண்டியிருந்தது. இதுக்கு ஒண்ணுமே மாற்ற வேண்டியிருக்கவில்லை. உத்தரப் பிரதேசத்திலிருந்து தூக்கித் திருநெல்வேலியில் வைத்தார்கள், பொருந்திவிட்டது.

சட்டம் இல்லாமல் இல்லை. 1993-ல் நடைமுறைக்கு வந்த 73-வது திருத்தத்தின்படி ஊராட்சிகளில் மூன்றில் ஒரு பங்கு பெண்களுக்கு. தமிழ்நாட்டில் 2016-ல் அதைப் பாதியாக்கினார்கள். சீட்டு வந்துவிட்டது, நாற்காலி வரவில்லை. வடக்கே இப்படிப்பட்ட கணவருக்குப் 'பிரதான் பதி' என்று பேரே வைத்திருக்கிறார்கள். 2025-ல் மத்திய பஞ்சாயத்து ராஜ் அமைச்சகம் இதைப் பற்றி 'அஸ்லி பிரதான் கௌன்?' என்று ஒரு குறும்படம் விட்டது. 'உண்மையான தலைவர் யார்?' என்று அர்த்தம். அதில் நடித்ததும் நீனா குப்தாதான். கதையைப் பார்த்து அரசாங்கமே அவரைக் கூப்பிட்டிருக்கு!

எங்க சித்தி 2019 தேர்தலில் வார்டு மெம்பர் ஆனவங்க. எந்த ஊராட்சி என்று எழுத வேண்டாம் என்று சொல்லிவிட்டாங்க. கூட்டத்துக்குப் போவது சித்தப்பா. நோட்டு வீட்டுக்கு வரும், சித்தி அடுப்படியிலிருந்து கையைத் துடைத்துக்கொண்டு வந்து கையெழுத்துப் போடுவாங்க. நானே பார்த்திருக்கேன். அப்ப எனக்கு அது தப்பாவே தெரியலை. கூட்டத்தில் என்ன பேசினாங்கன்னு சித்தியும் கேட்டதில்லை, சித்தப்பாவும் சொன்னதில்லை.

பீகார் அண்ணன் இந்தித் தொடரின் எட்டாவது பாகத்தைப் போட்டார். குடியரசு தினம், மாவட்ட ஆட்சியர் வருகிறார், தலைவிதான் கொடி ஏற்ற வேண்டும். ஆனால் அவருக்குத் தேசிய கீதம் முழுசாகப் பாடத் தெரியாது. உட்கார்ந்து கற்றுக்கொள்கிறார், நடுவில் நடுவில் நின்றுவிடுகிறார். சித்தி திண்ணையில் பனியனுக்குப் பிசிறு வெட்டிக்கொண்டு இருந்தாங்க, எங்க பக்கம் திரும்பவே இல்லை. இந்தி ஒரு வார்த்தை தெரியாது. ஆனால் அந்தப் பாட்டு எல்லோருக்கும் ஒண்ணுதானே. செல்லில் அந்த அம்மா தடுமாறி நின்றதும், சித்தி கட்டரைக் கீழே வைத்துவிட்டு அடுத்த வரியை எடுத்துக் கொடுத்தாங்க. அடுத்த வரி, அதுக்கு அடுத்த வரி. முழுசும் தெரிந்திருக்கிறது.

பாகம் முடிந்தது. "அங்கயும் இப்படித்தானா?" என்று அந்த அண்ணனிடம் கேட்டாங்க. அவர் தலையை ஆட்டினார்.

கொஞ்ச நேரம் பிசிறு வெட்டினாங்க. அப்புறம் என்னிடம், "அடுத்த எலெக்சன் எப்பன்னு உங்க சித்தப்பாகிட்டக் கேக்காத. நீயே பேப்பரப் பாத்து எனக்குச் சொல்லு கண்ணு" என்றாங்க.

— ஒன்பதாம் வகுப்பு மாணவி, கொமரலிங்கம்