மைனஸ் 33 டிகிரியில் ஒரு டீசல் கார்

காலை ஆறரை மணி. கனடாவின் வின்னிபெக் நகரம். வெளியே மைனஸ் 33 டிகிரி செல்சியஸ். வீசும் காற்றையும் சேர்த்தால் மைனஸ் 40க்கும் கீழே என்று வானொலியில் சொல்லிக்கொண்டிருந்தார்கள். அப்படிப்பட்ட குளிரில் மூடாமல் விட்ட தோல் 5 முதல் 10 நிமிடங்களுக்குள் உறைந்து புண்ணாகிவிடும்.

இரவு வேலை முடிந்து ஏழு மணிக்கு மருத்துவமனையிலிருந்து வெளியே வரும் மனைவியை அழைத்துவர வேண்டும். காரில் உட்கார்ந்து சாவியைத் திருப்பினேன். “உர்ர்... உர்ர்...” என்று இரண்டு முறை முனகிவிட்டு அடங்கியது. மறுபடியும் திருப்பினேன். பின்னால் கொஞ்சம் வெள்ளைப் புகை வந்தது. அவ்வளவுதான்.

கைப்பேசி அடித்தது.

“என்னங்க, கிளம்பிட்டீங்களா?”

“வந்துகிட்டே இருக்கேன்” என்றேன்.

நான் சொன்ன அந்த ஒரு பொய்யை நம்பி அவள் கட்டடத்தை விட்டு வெளியே வந்து, வாசல் ஓரத்தில் நின்றிருக்கிறாள். இங்கே நான் சாவியோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தேன்.

பக்கத்து வீட்டுப் பெரியவர் என் காரின் முனகலைக் கேட்டுத்தான் வெளியே வந்தார். உக்ரேனிய வம்சாவளி, முப்பது ஆண்டுகள் லாரி ஓட்டியவர். அப்போது என் கையில் ஈதர் கலந்த ஸ்பிரே டின் இருந்தது. காற்று போகும் குழாயில் அடித்தால் எஞ்சின் உடனே பிடித்துக்கொள்ளும் என்று யாரோ சொன்னதைக் கேட்டு வாங்கி வைத்திருந்தேன். அவர் பேசவே இல்லை. நேராக வந்து டின்னைப் பிடுங்கிக்கொண்டார். “முதலில் உன் மனைவி. கார் எங்கேயும் போகாது” என்று தம் வண்டியில் என்னை ஏற்றிக்கொண்டார்.

நாங்கள் போய்ச் சேர்ந்தபோது அவளுடைய காது நுனி மெழுகு போல வெளுத்திருந்தது. நல்லவேளை, மேல்தோலோடு போயிற்று. வீட்டுக்கு வந்து மெல்லச் சூடு ஏறியதும் வலியில் கண்ணீர் விட்டாள். என்னை ஒரு வார்த்தையும் திட்டவில்லை. திட்டியிருந்தால் எனக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும்.

அப்பாவின் சிவப்புச் சுருள்

எனக்கு டீசல் கார் புதிதல்ல. அப்பா ஈப்போவிலிருந்து கோலாலம்பூருக்கு வெளியூர் டாக்சி ஓட்டியவர். அவருடைய பழைய மெர்சிடிஸில் ஒரு பிடி இருக்கும். அதைப் பாதி இழுத்தால் முன்பலகையில் ஒரு சின்னக் கம்பிச் சுருள் மெல்லச் சிவக்கும். நன்றாகச் சிவந்த பிறகுதான் பிடியை முழுதாக இழுப்பார். “அவசரப்பட்டா அடம் பிடிக்கும்டா” என்பார். அந்தப் பாசத்தில்தான் இங்கே 1980களில் செய்த ஒரு பழைய டீசல் காரை வாங்கினேன். ஈப்போ வெயிலில் படித்த பாடம் வின்னிபெக் ஜனவரிக்குப் போதும் என்று நினைத்ததுதான் என் தவறு.

அந்தச் சனிக்கிழமை பெரியவர் மல்டிமீட்டரோடு வந்தார். அன்று கற்றுக்கொண்டதுதான் இந்தக் கட்டுரை.

டீசலுக்கு ஏன் குளிர் ஆகாது?

பெட்ரோல் எஞ்சினில் ஸ்பார்க் பிளக் தீப்பொறி தருகிறது. டீசல் எஞ்சினில் தீப்பொறியே கிடையாது. பிஸ்டன் மேலேறிக் காற்றை ஏறக்குறைய இருபதில் ஒரு பங்காக நசுக்குகிறது. சைக்கிளுக்குக் காற்றடிக்கும்போது பம்பு சுடுவது போல, நசுங்கிய காற்று சூடேறுகிறது. அந்தச் சூடு 500 டிகிரியையும் தாண்டும். அதில் டீசலைப் பீய்ச்சியதும் தானாகப் பற்றிக்கொள்ளும்.

மைனஸ் 33இல் உள்ளே போகும் காற்றும் மைனஸ் 33. சுற்றியிருக்கும் இரும்பும் மைனஸ் 33. காற்று சூடேறச் சூடேற, அந்தச் சூட்டை இரும்பு உறிஞ்சிக்கொள்கிறது. எஞ்சின் மெதுவாகச் சுற்றினால் உறிஞ்ச இன்னும் நேரம் கிடைக்கிறது. பிஸ்டன் ஓரங்களில் காற்றும் கசிகிறது. டீசல் பற்றாமல் புகையாக வெளியே போகிறது.

இந்தக் குறையை ஈடுகட்டத்தான் குளோ பிளக் இருக்கிறது. அப்பாவின் சிவப்புச் சுருள் காட்டியது இதன் வேலையைத்தான். ஒவ்வொரு சிலிண்டரிலும் ஒரு கம்பி பழுக்கக் காய்ந்து, முதல் நெருப்புக்கு உதவும். என் காரின் நான்கு பிளக்குகளையும் பெரியவர் சோதித்தார். நல்ல பிளக்கில் மின்தடை ஒரு ஓம் அளவில், அதற்கும் குறைவாகவே இருக்கும். இரண்டில் மீட்டர் அசையவே இல்லை. இரண்டும் எரிந்து போயிருந்தன. கோடையில் மீதி இரண்டை வைத்தே கார் கிளம்பியதால் எனக்குத் தெரியவில்லை.

“வெள்ளைப் புகை வந்ததா?” என்று கேட்டார். வந்தது என்றேன். “அப்படியென்றால் டீசல் வருகிறது, பற்றவில்லை. புகையே வராவிட்டால் டீசலே வரவில்லை என்று அர்த்தம்.” நோயாளியின் நாடி பிடித்துப் பார்ப்பது போல இருந்தது.

தேங்காய் எண்ணெய்க் கதை

டீசல் வராமல் போவது எப்படி? அதிகக் குளிரூட்டிய அறையில் தேங்காய் எண்ணெய் உறைவதைப் பார்த்திருப்பீர்கள். டீசலிலும் மெழுகு இருக்கிறது. கோடைக்கால டீசல் பூஜ்ஜியத்தைச் சுற்றிய குளிரிலேயே கலங்கத் தொடங்கிவிடும். மெழுகுத் துகள்கள் ஃபில்டரை அடைத்துக்கொள்ளும். அதனால்தான் இங்கே பெட்ரோல் நிலையங்களில் குளிர்காலத்துக்கென்று வேறு டீசல் விற்கிறார்கள். மெழுகு கட்டாமல் இருக்க ஊற்றும் மருந்தும் கிடைக்கிறது. ஆனால் அதை உறைவதற்கு முன்பே ஊற்ற வேண்டும். உறைந்த பிறகு ஊற்றினால் பயனில்லை. டீசலில் சேரும் நீரும் பனிக்கட்டியாகி வழியை அடைக்கும் என்பதால், தொட்டியை நிரப்பியே வைக்கச் சொன்னார் பெரியவர்.

அடுத்தது பேட்டரி. மைனஸ் 18இலேயே அதன் பலம் ஏறக்குறைய பாதியாகிவிடும். அதே நேரத்தில் எஞ்சின் எண்ணெய் பாகு போலக் கெட்டியாகி, சுற்றுவதற்கு வழக்கத்தைவிட அதிக பலம் கேட்கும். வரவு குறையும்போதே செலவு கூடும் குடும்பம் மாதிரிதான். நான் ஊற்றியிருந்தது 15டபிள்யூ-40 எண்ணெய். அதை வடித்துவிட்டு 5டபிள்யூ-40 செயற்கை எண்ணெய் ஊற்றினோம். பழைய பேட்டரியையும் மாற்றினேன்.

மூக்கில் தொங்கும் கேபிள்

வின்னிபெக்குக்கு முதன்முதலாக வருகிறவர்கள், கார்களின் முகப்பிலிருந்து மின்சாரக் கேபிள் தொங்குவதைப் பார்த்து எல்லாமே மின்சாரக் கார்கள் என்று நினைத்துவிடுவார்கள். அது பிளாக் ஹீட்டர். எஞ்சினைச் சுற்றியுள்ள நீரைச் சூடாக்கும் கருவி. வாகன நிறுத்துமிடங்களில்கூட அதைச் சொருகக் கம்பங்கள் உண்டு. இங்கிருந்து தெற்கே, எல்லை தாண்டியதும் வரும் அமெரிக்காவின் வட டகோட்டா மாநிலத்தில், கிராண்ட் ஃபோர்க்ஸ் நகரைச் சேர்ந்த ஆண்ட்ரூ ஃபிரீமன் என்பவர் எஞ்சினைச் சூடாக்கும் இத்தகைய மின்கருவிக்கு 1949இல் காப்புரிமை பெற்றார். அதற்கு முன்பு எண்ணெயை இரவில் வடித்து வீட்டுக்குள் வைத்திருந்து, காலையில் சூடாக்கி ஊற்றியவர்களும் உண்டு.

என் காரிலும் அந்தக் கேபிள் இருந்தது. முந்தின இரவு படுக்கும்போது மைனஸ் 20தானே, சமாளித்துவிடும் என்று சொருகாமல் படுத்துவிட்டேன். என் மனைவியின் காது வெளுத்ததற்குக் காரணம் அந்த ஒரு நிமிடச் சோம்பல்தான்.

ஈதர் ஸ்பிரேயை ஏன் பிடுங்கினார் என்பதையும் விளக்கினார். ஈதர் மிகக் குறைந்த சூட்டிலேயே பற்றும். பழுத்த குளோ பிளக் இருக்கும் எஞ்சினில் அதை அடித்தால், பற்றக்கூடாத நேரத்தில் பற்றிப் பிஸ்டனையே உடைத்துவிடலாம். அடித்தவர் முகத்திலும் தீ பாயலாம்.

பெரியவர் எழுதிக் கொடுத்த பட்டியல்

* கிளம்புவதற்கு மூன்று மணி நேரம் முன்பு ஹீட்டர் ஓடும்படி டைமர் வைத்துச் சொருகு. இரவு முழுதும் ஓடினால் மின்கட்டணம்தான் ஏறும்.
* சாவியைத் திருப்புமுன் விளக்கு, விசிறி, வானொலி எல்லாவற்றையும் அணைத்துவிடு.
* குளோ பிளக்கை இரண்டு முறை சூடாக்கு. கிளட்சை மிதித்துக்கொண்டு கிளப்பு. கியர் பெட்டியின் கெட்டி எண்ணெயையும் சேர்த்துச் சுற்ற வேண்டியிருக்காது.
* பத்துப் பதினைந்து விநாடிக்கு மேல் சுற்றாதே. கிளம்பாவிட்டால் ஒரு நிமிடம் பொறு.
* கிளம்பியதும் ஆக்சிலேட்டரை அழுத்தி அலறவிடாதே. ஓரிரு நிமிடம் விட்டு, மெதுவாக ஓட்டிச் சூடேற்று.
* மூடிய கராஜுக்குள் எஞ்சினை ஓடவிடாதே. கார்பன் மோனாக்சைடுக்கு வாசனை கிடையாது.

ஆறு வரிகளில் முதல் வரிக்கு மட்டும் அடிக்கோடு போட்டிருந்தார்.

ஈப்போவுக்கு அழைத்து அப்பாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். “காடி கெடக்குதுடா. மருமகக்கிட்ட ஏன் பொய் சொன்னே? கிளம்பலன்னு சொல்லியிருந்தா பிள்ளை உள்ளயே நின்னுருக்கும்ல” என்றார். பெரியவரின் பட்டியலில் இல்லாத ஏழாவது வரியாக அதைச் சேர்த்துக்கொண்டேன்.

அடுத்த வாரமே மைனஸ் 35 வந்தது. முந்தின இரவு பத்து மணிக்கு ஜாக்கெட்டை மாட்டிக்கொண்டு வெளியே போனேன். டைமரைத் திருப்பி வைத்தேன். கேபிளைச் சொருகி, இரண்டு முறை இழுத்துப் பார்த்துவிட்டு வந்து படுத்தேன். காலையில் குளோ பிளக்கை இரண்டு முறை சூடாக்கிக் கிளட்சை மிதித்துச் சாவியைத் திருப்பினேன். நாலைந்து சுற்றுச் சுற்றி, ஒரு குலுக்கலோடு எஞ்சின் பிடித்துக்கொண்டது. அந்தக் கடகடச் சத்தத்தில் அப்பாவின் டாக்சி நினைவுக்கு வந்தது.

கைப்பேசியில் மனைவியின் குறுஞ்செய்தி: “கிளம்பிட்டீங்களா?”

“நேத்து ராத்திரியே” என்று பதில் அனுப்பினேன்.