இடதுபக்க மூடிக்குள்ளே

எட்டாம் நம்பர் டி-ஸ்பேனரால் கடைசி போல்ட்டையும் கழற்றிவிட்டு மெக்கானிக் அண்ணன் என்னைத் திரும்பிப் பார்த்தார். "கிட்ட வாங்க தம்பி, இனிமேதான் இருக்கு!"

புதுச்சேரி வைத்திக்குப்பத்தில், கடற்கரைக்கு ஒரு தெரு தள்ளி நிற்கிறது ஒரு 110 சிசி ஸ்கூட்டர். இத்தனை வருடம் ஸ்கூட்டர் ஓட்டியும் அந்த இடதுபக்க மூடிக்குள் என்ன இருக்கிறது என்று ஒருநாளும் நான் பார்த்ததில்லை. மூடி கழன்றது. கறுப்புத் தூசி குப்பென்று பறந்தது. உள்ளே முன்னால் ஒரு புல்லி, பின்னால் ஒரு புல்லி, இரண்டையும் சுற்றி ஒரு தடித்த பெல்ட். கியர் மாற்றுவது மொத்தமும் இவ்வளவுதானாம்!

வண்டி மீன் வியாபாரி ஒருவருடையது. விடியற்காலையில் ஐஸ்பெட்டியைப் பின்னால் கட்டிக்கொண்டு பெரிய மார்க்கெட்டுக்கு ஓடுகிற வண்டி. "பாரம் ஏத்தினா கெளம்பவே அழுவுது" என்பது அவர் குறை.

அண்ணன் ஏர் கன்னை வைத்து நட்டைக் கழற்றி, முன் புல்லியைப் பிரித்துக் கவிழ்த்தார். உள்ளங்கையில் உருண்டு விழுந்தன ஆறு உருளைகள். ரோலர் என்பார்கள். பார்க்க நாட்டு மருந்துக்கடைக் குளிகை மாதிரி இருக்கிறது. இந்த ஆறும்தான் அந்த வண்டிக்கு கியர் போடுகிற கை! எஞ்சின் வேகமாகச் சுற்றச் சுற்ற உருளைகள் வெளிப்பக்கம் தூக்கி எறியப்படுகின்றன. சரிவில் ஏறிப் புல்லியின் தட்டை நெருக்குகின்றன. பெல்ட் முன்புல்லியில் மேலே ஏறுகிறது. பின்புல்லியில், ஸ்பிரிங்கை எதிர்த்துக்கொண்டு, கீழே இறங்குகிறது. கியர் ஏறிவிட்டது, ஒரு சத்தமும் இல்லாமல்.

அப்புறம் வந்தது பாருங்கள், நான் சொக்கிப்போன இடம். நகைக்கடைத் தராசு ஒன்றை எடுத்து மேசையில் வைத்தார். உருளைகளை ஒவ்வொன்றாக நிறுத்தார். ஒன்றில் ஒரு பக்கம் தேய்ந்து தட்டையாகியிருந்தது. "இதுதான் ஒதறல்" என்று தனியே வைத்தார். பிறகு டப்பாவிலிருந்து எடை குறைந்த புது ரோலர் செட்.

எடை குறைந்தால் என்ன? உருளை தள்ளுகிற விசை அதன் எடையோடு நேராகவும், சுற்று வேகத்தின் வர்க்கத்தோடும் ஏறுகிறது. எடையில் பத்தில் ஒரு பங்கைக் குறைத்தால் நிமிடத்துக்கு 6,000 சுற்றில் கிடைத்த அதே தள்ளு, 6,300 சுற்றைத் தாண்டித்தான் கிடைக்கும். அதுவரை வண்டி இழுவைக் கியரிலேயே நிற்கும். ஐஸ்பெட்டி கனம் தெரியாது. மிகவும் குறைத்துவிட்டால் எஞ்சின் வீணாகக் கத்தும், பெட்ரோலும் போகும். எல்லாம் சில கிராம் விஷயம்.

இந்தப் பெல்ட் வித்தையை 1958-இல் காருக்குள் வைத்தது நெதர்லாந்தின் டாஃப் நிறுவனம். அந்தக் கார் முன்னால் ஓடுகிற அதே வேகத்தில் பின்னாலும் ஓடும். அதற்கென்றே ரிவர்ஸில் பந்தயம் நடத்தினார்கள்! நம் ஊருக்கு இது வந்தது கைனெடிக் ஹோண்டாவோடு. புனேயின் கைனெடிக்கும் ஹோண்டாவும் 1984-இல் கைகோத்துச் செய்த 98 சிசி வண்டி.

பனியில் ஓடும் ஸ்னோமொபைலுக்குள்ளும் இதே இரண்டு புல்லி, ஒரு பெல்ட்தான். அங்கே உருளைக்குப் பதில் ஊசலாடும் எடைக் கைகள். குல்மார்க் மாதிரி 2,650 மீட்டர் உயரத்தில் காற்று மெலிந்து எஞ்சின் சோர்ந்துபோகும். அதனால்தான் மலைக்கென்று டர்போ வைத்த வண்டிகள் உண்டு. டர்போ பலம் கூட்டினால் எஞ்சின் அளவுக்கு மீறிச் சுற்றப் பார்க்கும். அங்கே கிளட்ச்சை டியூன் செய்கிறவர்கள் எடையை ஏற்றி அதை அடக்குகிறார்கள். இங்கே ஐஸ்பெட்டிக்காக எடையை இறக்குகிறோம். திசைதான் வேறு, இரண்டுமே கிராம் கணக்கு. அதை நினைக்க நினைக்க எனக்குத் தாங்கவில்லை!

நம் ஸ்கூட்டருக்கு வருவோம். பின்புல்லிப் பக்கம் மூன்று கிளட்ச் ஷூ, அவற்றைச் சுற்றி ஒரு பெல். வேகம் வந்ததும் ஷூக்கள் விரிந்து பெல்லைப் பிடித்தால்தான் சக்கரம் நகரும். ஊர்ந்து ஊர்ந்து போனால் பாதிப் பிடியில் உரசி, சூடாகி, வழவழப்பாகிவிடும். மாசி மகத்தன்று சாமிகள் தீர்த்தவாரிக்கு வந்து இறங்குகிற கடற்கரை இது, கூட்டத்தில் வண்டிகள் ஊர்ந்துதான் போகும். "மகம் முடிஞ்ச வாரம் ஷூ வேலைதான் தம்பி" என்றார். உப்புத்தாள் போட்டு மூன்றையும் லேசாகத் தேய்த்தார்.

மாட்டுவதற்கு முன் இன்னொரு தந்திரம். மார்க்கர் பேனாவால் புல்லியின் முகத்தில் நடுவிலிருந்து விளிம்புவரை ஒரு கோடு இழுத்தார். பெல்ட் ஏறிய இடம் வரைக்கும் கோடு அழிந்துவிடும். எங்கே மிச்சம் நிற்கிறதோ, அதுவரைதான் கியர் ஏறியிருக்கிறது. நூறு கருவி செய்கிற வேலையை ஒரு பேனாக்கோடு செய்கிறது!

முத்தியால்பேட்டை பக்கம் ஒரு ஓட்டம் போய் வந்து மறுபடி மூடியைத் திறந்தோம். விளிம்பில் நகக்கண் அளவு கோடு மட்டும் மிச்சம். அண்ணன் பல் தெரியச் சிரித்தார்.

சாயங்காலம் மீன்காரர் வந்தார். நிரம்பிய பெட்டியைக் கட்டி ஆக்ஸிலரேட்டரைத் திருகினார். முனகல் இல்லை, உதறல் இல்லை, வண்டி நழுவிக்கொண்டு போய்த் தெருமுனையில் மறைந்தது.

நான் என் ஸ்கூட்டரைத் தள்ளிக்கொண்டு வந்து அதே இடத்தில் ஸ்டாண்டு போட்டேன். "அண்ணே, இதையும் ஒரு தடவ தொறந்து காட்டுங்க."