இரண்டு நொடி மயக்கம்

குன்னூர் பெட்ஃபோர்டு பக்கம் ஒரு சின்ன ஸ்டூடியோ. வெளியே பனிமூட்டம். உள்ளே யாருடையதோ கல்யாண வீடியோவுக்கு எடிட்டிங். தாலி கட்டப்போகும் நேரத்தில் மாப்பிள்ளையின் கை அந்தரத்தில் நின்றுவிட்டது. மவுஸ் அசையவில்லை. ஸ்பீக்கரில் மட்டும் நாதஸ்வரம் ஓடிக்கொண்டே இருந்தது. "ரெண்டு செகண்ட் பொறுங்கண்ணா, அதுவே எந்திரிச்சுக்கும்" என்றார் கடைத் தம்பி. திரை ஒருமுறை கறுத்தது, மறுபடி வெளிச்சம் வந்தது. எடிட்டிங் மென்பொருள் மட்டும் மூடிக்கிடந்தது. மற்றதெல்லாம் வைத்தது வைத்தபடி இருந்தது.

நாதஸ்வரம் நிற்கவில்லை என்றால் கம்ப்யூட்டரின் மூளையான பிராசஸர் விழித்திருந்தது என்று பொருள். மயங்கி விழுந்தது கிராபிக்ஸ் சிப். இரண்டுக்கும் நடுவே ஆள் போல நிற்கும் மென்பொருள்தான் டிரைவர். வேலைகளுக்கு வரிசையாக எண் போட்டுச் சிப்பிடம் தள்ளுவது அதன் பாடு. ஒவ்வொன்றை முடித்ததும் சிப் அந்த எண்ணை நினைவகத்தில் குறித்து வைக்கும். 4,117 முடிந்தது, 4,118 முடிந்தது என்று குறிப்பு ஏறிக்கொண்டே போகும். ஏறாமல் நின்றால் டிரைவருக்குச் சந்தேகம் வர வேண்டும்.

வருவது சந்தேகம் மட்டும்தான், உறுதி அல்ல. சிப் உண்மையிலேயே மாட்டிக்கொண்டதா, அல்லது கனமான வேலையைச் சுமந்து மெதுவாக ஏறுகிறதா? ஒரு நிரல் முடியுமா, முடிவில்லாமல் சுற்றுமா என்பதை எல்லா நிரல்களுக்கும் சொல்லிவிடக்கூடிய பொதுவழி கிடையாது என்று ஆலன் டூரிங் 1936-லேயே நிறுவிவிட்டார். ஆகவே கடிகாரத்தைப் பார்த்து முடிவெடுப்பதைத் தவிர வேறு வழியில்லை. விஸ்டா காலத்திலிருந்து விண்டோஸ் வைத்திருக்கும் கெடு 2 நொடி. அதற்குள் சிப் கையிலிருக்கும் வேலையை விடாவிட்டால் ரீசெட். ஒரு நிமிடத்துக்குள் 5 முறைக்கு மேல் இப்படி நடந்தால் விண்டோஸ் கையை விரித்துவிடும், நீலத்திரைதான். லினக்ஸில் இன்டெல் சிப்புகளுக்கான டிரைவர் கொஞ்சம் நாசூக்கானது. அவ்வப்போது ஒரு சின்ன வேலையை அனுப்பி நாடி பிடித்துப் பார்க்கும்.

ரீசெட்டிலும் படிகள் உண்டு. கல்லாறிலிருந்து குன்னூர் வரை பல்சக்கரத்தில் ஏறும் நம் மலை ரயிலில் ஒவ்வொரு பெட்டிக்கும் ஒரு பிரேக்ஸ்மேன் நிற்பாரே, அதுபோல. சிப்புக்குள் படம் வரையும் பகுதி, வீடியோ பகுதி, நகலெடுக்கும் பகுதி எனத் தனித்தனி எஞ்சின்கள் இருக்கின்றன. மாட்டியதை மட்டும் டிரைவர் முதலில் ரீசெட் செய்யும். சரிப்படாவிட்டால் மொத்தச் சிப்பையும். அதுவும் பலிக்கவில்லை என்றால் 'இனி இது தேறாது' என்று அறிவித்து ஒதுக்கிவிடும். எந்த நிரலால் சிப் விழுந்தது, எது பாவம் வரிசையில் காத்திருந்தது என்றும் பிரித்தாக வேண்டும். டிரைவர் எழுதுபவர்கள் பேச்சில் இவற்றுக்குக் குற்றவாளி, நிரபராதி என்றே பெயர்.

இத்தனை ஏற்பாடும் வேலை செய்கிறதா என்று எப்படித் தெரியும்? சிப் தானாக விழும்வரை காத்திருக்க முடியாது. தள்ளிவிட்டுத்தான் பார்க்க வேண்டும். கிராபிக்ஸ் உலகில் எனக்கு மிகவும் பிடித்த வேலை இதுதான், வெளியே யாரும் பேசாத வேலையும்கூட.

ஆரம்பத்தில் இன்டெல் டிரைவரின் சோதனைகளில் ஒரு நாடகம் இருந்தது. வேலை வந்துவிட்டது என்று சிப்புக்குச் சொல்லாமலே டிரைவர் இருந்துவிடும். குறிப்பு ஏறாது, ரீசெட் தொடங்கும். ஆனால் அந்தச் சிப் மயங்கவே இல்லையே! வேலையில்லாமல் சும்மா உட்கார்ந்திருப்பதை எழுப்புவதும், சுழலில் சிக்கியதை இழுத்து வெளியே போடுவதும் ஒன்றல்ல. பிறகு நிஜ மயக்கத்துக்கே வந்தார்கள். அதற்கான நிரல் கேலிக்கூத்து போலச் சிறியது. 'உன் தொடக்கத்துக்கே திரும்பிப் போ' என்ற ஒரே ஆணை. சிப் அதைப் படிக்கும், திரும்பும், மறுபடி படிக்கும். செக்குமாடுதான். அதன் பின்னால் நல்ல வேலைகளை வரிசையில் நிறுத்திவிட்டுக் கேள்விகளைக் கேட்பார்கள். குற்றவாளி பிடிபட்டானா? நிரபராதியின் வேலை நடந்ததா? ரீசெட்டுக்குப் பின் எழுதிய தரவு ஓரெழுத்தும் மாறாமல் இருக்கிறதா? மடிக்கணினி தூங்கப்போகும் அதே கணத்தில் சிப் மயங்கினால்? மீட்சிக்கான நிரல்தான் மிகக் குறைவாக ஓடும் நிரல், அதனால் அதில்தான் பூச்சிகள் நிம்மதியாகக் குடியிருக்கும்.

இப்படி நிரலால் தள்ளிவிட முடியாத விழுகையும் ஒன்று உண்டு. அதைப் புரிந்துகொள்ள ஊட்டிக்கு ஏற வேண்டும். அங்கே டாடா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனத்தின் காஸ்மிக் கதிர் ஆய்வகத்தில், சுமார் 2,200 மீட்டர் உயரத்தில், இந்திய, ஜப்பானிய விஞ்ஞானிகளின் கிரேப்ஸ்-3 என்ற ஆய்வு அமைப்பு இருக்கிறது. 560 சதுர மீட்டர் பரப்புள்ள அதன் மியூவான் தொலைநோக்கி நாளொன்றுக்குச் சுமார் 400 கோடி மியூவான்களை எண்ணுகிறது. விண்ணிலிருந்து வரும் துகள் காற்றின் உச்சியில் மோதிச் சிதறும்போது பிறப்பவை இவை. உங்கள் உள்ளங்கை வழியாகவும் நொடிக்கு ஒன்று என்ற கணக்கில் போய்க்கொண்டுதான் இருக்கின்றன. சிப்புக்கு இவற்றால் பெரிய ஆபத்தில்லை. வம்பு செய்வது அதே சிதறலில் பிறக்கும் நியூட்ரான். சிலிக்கான் அணுக்கருவில் அது மோதினால் தெறிக்கும் துண்டுகள் ஒரு பிட்டை 0-இலிருந்து 1 ஆக்கிவிடலாம். நினைவக முகவரி ஒன்றில் அந்த பிட் இருந்தால் சிப் எங்கோ போய் நிற்கும்.

மலை ஏற ஏற இந்த நியூட்ரான் அடி கூடும். ஆனால் ஊட்டி புவிகாந்த நடுக்கோட்டுக்குப் பக்கத்தில் இருப்பதால் ஆற்றல் குறைந்த துகள்களைப் பூமியின் காந்தப்புலம் திருப்பி அனுப்பிவிடுகிறது. இதே உயரத்தில் வடக்கே இருக்கும் ஊர்களுக்கு அவ்வளவு காவல் இல்லை. அந்தக் காவலும் தளர்வதுண்டு. 2015 ஜூன் 22 அன்று சூரியனிலிருந்து வந்த வீச்சு காந்தப்புலத்தைப் பலவீனப்படுத்தியபோது, சுமார் 2 மணி நேரம் மியூவான்கள் கூடுதலாகக் கொட்டியதைக் கிரேப்ஸ்-3 பதிவு செய்தது.

இந்த விழுகையைச் சோதிக்கச் சிப்பை நியூட்ரான் கற்றைக்கு முன் வைக்கிறார்கள். அமெரிக்காவில் லாஸ் அலமோஸிலும் பிரிட்டனின் ஐசிஸ் கூடத்திலும் அதற்கு வசதி இருக்கிறது. வருடக்கணக்கில் விழ வேண்டிய அடி சில மணி நேரத்தில் விழுந்துவிடும். 18,688 கிராபிக்ஸ் சிப்புகளோடு ஓடிய டைட்டன் போன்ற சூப்பர் கம்ப்யூட்டரில் எங்கோ ஒரு பிட் புரள்வது அன்றாட விவகாரம். அங்கே நினைவகமே ஒற்றைப் பிழையைத் திருத்திக்கொள்ளும். வீட்டுக் கார்டுகளில் பெரும்பாலும் அந்த வசதி கிடையாது.

இதையெல்லாம் கடைத் தம்பியிடம் கொஞ்சம் பெருமையாகவே சொன்னேன். பொறுமையாகக் கேட்டுவிட்டுக் கேபினெட்டின் பக்கத் தகட்டைக் கழற்றினார். கிராபிக்ஸ் கார்டின் விசிறி தூசியும் பஞ்சும் அடைத்து, தொட்டால் சுடும் நிலையில் இருந்தது.

"இது எந்தக் கதிருங்கண்ணா?" என்றபடி பழைய பெயின்ட் பிரஷ்ஷை எடுத்தார்.