எட்டு போட்டால் போதுமா? மாம்பழச்சாலையும் மெய்நிகர் சாலையும்

நம்ம ஊரில் டூவீலர் லைசென்ஸ் என்றாலே எட்டு போடுவதுதான். காலை ஊன்றாமல் எட்டு போட்டுவிட்டால் வண்டி ஓட்டத் தெரியும் என்று அர்த்தம். ஆனால் அந்த மைதானத்தில் ராங் சைடில் யாரும் வருவதில்லை. நிற்கிற டவுன் பஸ்ஸுக்கு முன்னாலிருந்து ஒரு பாட்டி திடீரென்று வெளிப்படுவதும் இல்லை. எட்டு சோதிப்பது கைகால் பழக்கத்தை மட்டும்தான். ஆபத்தை முன்கூட்டியே பார்க்கத் தெரியுமா என்பதை அது கேட்பதே இல்லை.

2022-இல் இந்தியச் சாலைகளில் இறந்தவர்கள் 1,68,491 பேர். அதில் சுமார் 44.5 விழுக்காட்டினர் இருசக்கர வாகனத்தில் போனவர்கள். அந்த ஆண்டு விபத்துகளின் எண்ணிக்கையில் முதலிடம் தமிழ்நாட்டுக்கு: 64,105. இவர்களில் எத்தனையோ பேர் அழகாக எட்டு போட்டவர்கள்தான்.

ஒரு சின்னக் கணக்கு. 7 மீட்டர் அகலச் சாலையை வயதானவர் ஒருவர் வினாடிக்கு 1 மீட்டர் வேகத்தில் கடந்தால் 7 வினாடி ஆகும். அதற்குள் 60 கி.மீ. வேகத்தில் வரும் வண்டி சுமார் 117 மீட்டர் வந்துவிடும். 40 கி.மீ. என்றால் 78 மீட்டர். நிறுத்தி வைத்த வேனுக்குப் பின்னால் நிற்பவருக்கு 117 மீட்டர் தூரம் தெரியவே தெரியாது. அவர் கணித்துத்தான் இறங்க வேண்டும். அந்தக் கணிப்பைப் பாதுகாப்பாகப் பழக ஒரு இடம் வேண்டுமில்லையா?

பிரிட்டனில் 2002-இல் இருந்தே லைசென்ஸ் தேர்வில் ஆபத்தை உணரும் சோதனை உண்டு. 14 வீடியோக்கள், ஆபத்து உருவாகும் நேரத்தில் பட்டனை அழுத்த வேண்டும். காருக்கு 75-க்கு 44 எடுத்தால் பாஸ். நல்ல முறைதான். ஆனால் வீடியோவில் எங்கே பார்க்க வேண்டும் என்பதை கேமராவே முடிவு செய்துவிடுகிறது. விஆர் ஹெட்செட்டில் அப்படி இல்லை. வலது பக்கம் தெரிய வேண்டுமானால் நீங்கள்தான் தலையைத் திருப்ப வேண்டும். திருப்பினீர்களா, எப்போது திருப்பினீர்கள், எத்தனை வினாடி கழித்துக் காலை எடுத்து வைத்தீர்கள் என்பது எல்லாமே பதிவாகும். தப்பு செய்தால் அடி படாது, மறுபடி ஓட்டிப் பார்க்கலாம்.

இதில் இன்னொரு சுவையான விஷயம். மார்ட்டன் ஹெய்லிக் 1962-இல் காப்புரிமை பெற்ற சென்சோராமா என்ற இயந்திரத்தை விஆரின் முன்னோடி என்பார்கள். அதில் காட்டிய படங்களில் ஒன்று மோட்டார் சைக்கிள் சவாரி. நாற்காலி அதிரும், முகத்தில் காற்று அடிக்கும்!

பிள்ளைகள் விஷயத்தில் இந்தத் தொழில்நுட்பம் நிறையச் சொல்லிக் கொடுத்திருக்கிறது. அமெரிக்காவின் அயோவா பல்கலைக்கழகத்தில் 10, 12 வயதுப் பிள்ளைகளையும் பெரியவர்களையும் மெய்நிகர் சைக்கிளில் சாலையைக் கடக்க விட்டார்கள். 2004-இல் வந்த முடிவு: பிள்ளைகள் தேர்ந்தெடுத்த இடைவெளி பெரியவர்களுடையது போலத்தான் இருந்தது. ஆனால் கிளம்புவதில் தாமதம். அதனால் வண்டி வந்து சேரும்போது அவர்களுக்கு மிச்சமிருந்த நேரம் மிகக் குறைவு. ஆக, "பாத்துப் போ" என்று சொன்னால் மட்டும் போதாது. எப்போது கிளம்புவது என்பதையும் பழக்க வேண்டும். லண்டன் ராயல் ஹாலோவே ஆய்வாளர்கள் 2011-இல் இன்னொன்றைக் காட்டினார்கள்: சுமார் 32 கி.மீ. வேகத்தைத் தாண்டி நெருங்கும் வண்டியைத் தொடக்கப்பள்ளிப் பிள்ளைகளின் பார்வையால் நம்பகமாகக் கணிக்க முடிவதில்லை. இதைப் பயிற்சியால் மட்டும் சரிசெய்ய முடியாது. பள்ளி வாசலில் வண்டிகளின் வேகத்தைக் குறைத்தாக வேண்டும்.

இப்போது திருச்சிக்கு வருவோம். 1976-இல் கட்டிய காவிரிப் பாலத்தை 2022 நவம்பரில் பராமரிப்புக்காக மூடினார்கள். ஸ்ரீரங்கம் போகிற வண்டிகள் பைபாஸ் பக்கம் திரும்பின. மாற்றுப்பாதையை எல்லோரும் ரோட்டிலேயே, நெரிசலுக்கு நடுவில்தான் கற்றுக்கொள்ள வேண்டியிருந்தது. பழைய பாலத்துக்குப் பக்கத்தில் புதுப்பாலத்துக்கும் வேலை தொடங்கியது. இப்படிப்பட்ட வேலையில் மாம்பழச்சாலை சந்திப்பை முதலில் மெய்நிகராகக் கட்டிப் பார்க்கலாம். பைக்கில் வருபவருக்குப் பலகை எத்தனை மீட்டரில் கண்ணில் படுகிறது? அம்மா மண்டபத்துக்கு ஆடிப்பெருக்கன்று நடந்து போகிற கூட்டம் எந்த இடத்தில் சாலையில் இறங்கும்? கான்கிரீட் போட்ட பிறகு மாற்றுவதைவிட கம்ப்யூட்டரில் மாற்றுவது மலிவு.

எந்த இடத்தை முதலில் எடுப்பது என்பதற்கும் வழி இருக்கிறது. சென்னை ஐஐடியும் தேசியத் தகவலியல் மையமும் உருவாக்கிய ஐராட் செயலியில் போலீசார் விபத்து நடந்த இடத்தையே பதிவு செய்கிறார்கள். எங்கே அடிக்கடி நடக்கிறது என்று ஐராட் சொல்லும். ஏன் அங்கே நடக்கிறது, எதை மாற்றினால் குறையும் என்று ஓட்டிப் பார்க்க விஆர் உதவும்.

ஒரு எச்சரிக்கையும் உண்டு. நார்வேயில் வழுக்குச் சாலையில் ஓட்டப் பயிற்சி கட்டாயமாக்கியபோது, இளைஞர்களிடம் விபத்து குறைவதற்குப் பதில் கூடியதாக 1988-இல் ஓர் ஆய்வு சொன்னது. "எனக்குத்தான் தெரியுமே" என்ற தைரியம்தான் காரணம் என்று கருதப்படுகிறது. விஆரையும் ரேஸ் கேம் மாதிரி கொடுத்தால் இதே கதைதான். திறமையைக் காட்டுகிற பயிற்சியாக அது இருக்கக்கூடாது. நாம் எதைக் கவனிக்காமல் விட்டோம் என்று காட்டுகிற பயிற்சியாக இருக்க வேண்டும். சிலருக்கு ஹெட்செட் போட்டால் தலை சுற்றும், குமட்டும். அவர்களுக்குச் சாதாரணத் திரையே போதும்.

என்னைக் கேட்டால் லைசென்ஸ் ஆபீசுக்கு முன்பே பள்ளிக்கூடத்தில் தொடங்கலாம். ஒரு 360 டிகிரி கேமராவை வைத்துச் சித்திரை வீதியையும் திருவானைக்காவல் கடைத்தெருவையும் படமெடுத்தால், வெளிநாட்டு மென்பொருளில் இல்லாத ஆட்டோவும் மாடும் ராங் சைடு பைக்கும் தானாகவே பாடத்துக்குள் வந்துவிடும்.